பத்து முழம் பூ

கம்பம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த லாட்ஜில் மாடி மூலை அறையின் சாவியை என் கையில் கொடுத்தபோது என் மகளுக்கு ஒன்பது மாதம். அவள் என்னோடு இல்லை. ஆண்டிபட்டியில் என் மாமியாரிடம் இருந்தாள். அவளுக்குப் பசிக்கும் நேரம் மட்டும் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. காலை, நடுப்பகல், பொழுது சாயும் வேளை என்று என் ரவிக்கை தானாக நனையும்.

வேலைக்கான உத்தரவு அந்தப் பங்குனியில்தான் வந்தது. ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்து, கல்யாணம் ஆகி, பிள்ளையும் பிறந்து, இனிமேல் வராது என்று எல்லோரும் மறந்துவிட்ட பிறகு ஒரு பழுப்பு உறை வீடு தேடி வந்தது. கம்பத்துக்குப் பக்கத்து ஊரில் ஆரம்பப் பள்ளி. பத்து நாளைக்குள் சேர வேண்டும். மாமனார் கை கால் விழுந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தார். என் வீட்டுக்காரர் ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். வேண்டாம் என்று சொல்லும் நிலைமையில் அந்த வீட்டில் யாரும் இல்லை.

பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று நான் கேட்டேன். ஒரு தடவைதான் கேட்டேன். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். நீ பள்ளிக்கூடம் போனால் லாட்ஜில் பிள்ளையை யார் பார்ப்பது என்றார் என் வீட்டுக்காரர். வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை நான் லாட்ஜில் இருப்பது, சனிக்கிழமை தோறும் வந்து போவது, வீடு அமைந்ததும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் கூட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று.

"நீ போயிச் சேரு ஆத்தா. பிள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்றார் அத்தை.

அன்று என் நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தாள். "வாரத்துக்கு ஒருக்காப் பாலாக்கும்? மூணு மணி நேரம் வெயில்ல பஸ்ஸுல வெந்து வந்து சூட்டுப் பாலக் குடுத்தா பிள்ளைக்குப் பேதிதான் ஆகும். பேசாம பால நிறுத்திப்புட்டுப் போகச் சொல்லும்மா" என்றாள். அத்தை முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, சும்மா இருடி என்றும் சொல்லவில்லை. கீரையை உருவிக்கொண்டே இருந்தார். நான் அந்த மௌனத்தைத் துணிமணிகளோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன் என்றுதான் நினைக்கிறேன்.

என் மகள் பிறந்ததிலிருந்தே நோஞ்சான். பசும்பாலைத் தண்ணீர் கலந்து கொடுத்தாலும் கக்கிவிடுவாள். தாய்ப்பாலில்தான் அவள் உடம்பு ஒட்டிக்கொண்டு நின்றது. அதனால் பஸ்ஸில் ஏறும்போதே மனத்தில் ஒன்றைத் தீர்மானம் செய்துகொண்டேன். வீடு கிடைத்து அவளைத் தூக்கிக்கொண்டு வரும்வரை எனக்குப் பால் நிற்கக் கூடாது. வேளை தவறாமல் பீய்ச்சி எடுத்துக்கொண்டே இருந்தால் சுரப்பு நிற்காது என்று பிரசவம் பார்த்த நர்ஸ் சொல்லியிருந்தார். அதை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டேன்.

தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுக்க லாட்ஜ் மேனேஜருக்குத் தயக்கம். கணவர் கூடவே வந்து நின்றும், தலைமையாசிரியை எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டியும், மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி என்னைப் பார்த்தார். கடைசியில், "மூலை ரூமு எடுத்துக்கங்க டீச்சர். மத்த ரூமு பூராம் ஏலக்கா யாவாரிக. அங்கன இருந்து கூப்பிட்டா எனக்குக் கேக்கும்" என்றார். எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் கொடுத்தார். அந்த அறைக்கு மேலேதான் தகரம். மற்ற அறைகளுக்கெல்லாம் காரை போட்ட கூரை.

ஒரு இரும்புக் கட்டில், ஒரு முக்காலி, கழுத்து உடைந்த மண்பானை, ஆணி அடித்த சுவர். மின்விசிறி சுற்றினால் சூட்டைத்தான் சுற்றிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் மேற்கே மலை தெரியும். அங்கே குளிர்ச்சியாக மேகம் உட்கார்ந்திருக்கும். இங்கே கட்டில் கம்பியைத் தொட முடியாது. கீழே மூட்டை மூட்டையாக ஏலக்காய் இறங்கும். அந்த வாசனை மாடி வரை ஏறி, சேலை, தலையணை, குடிக்கும் தண்ணீர் எல்லாவற்றிலும் ஒட்டியது. இன்றும் பாயசத்தில் ஏலக்காய் மணந்தால் எனக்கு மார் கனக்கிறது.

பொதுக் குளியலறை தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. விடிகாலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து எவர்சில்வர் டம்ளரோடு உள்ளே போவேன். முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் சாக்கடையில் ஊற்றப் போனேன். அப்போது கதவுக்கு வெளியே விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. கதவைத் திறந்தால், லாட்ஜைக் கூட்டித் துடைக்கும் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். டம்ளரைப் பார்த்தார், என் ரவிக்கையைப் பார்த்தார்.

"பச்சப் பிள்ளையவா விட்டுட்டு வந்திருக்கீக?"

நான் தலையாட்டினேன்.

"எத்தன மாசம்?"

"ஒன்பது."

"சாக்கடையில ஊத்திராதீக தாயி. கால் படாத எடமாப் பாத்து ஊத்தணும். பின்னாடி கருவேப்பிலச் செடி நிக்கிது பாருங்க, அங்கன ஊத்துங்க."

அன்று முதல் காலையும் மாலையும் டம்ளரைச் சேலை முந்தானையில் மறைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போவேன். மத்தியானத்துக்குப் பள்ளிக்கூடத்தின் பின்புறம் ஒரு பூவரசு இருந்தது. நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ மேனேஜர் கேட்டே விட்டார். "என்ன டீச்சர், உங்க ஊர்ல கருவேப்பிலைக்கும் பூசை உண்டா?"

கூட்டும் அம்மாள்தான் உள்ளேயிருந்து, "ஆமா, உம்ம கண்ணு படக் கூடாதுன்னு பூசை பண்றாக. போயிச் சாவியப் பாரும், கூடலூர்க்காரு ஒரு மணி நேரமா நிக்கிறாரு" என்று ஒரு போடு போட்டார். பல நாளுக்குப் பிறகு அன்று சிரித்தேன்.

வீடு கிடைக்கவில்லை. சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டதும் தெருத் தெருவாகப் போய்க் கேட்டேன். கணவர் கூட இருப்பாரா என்றார்கள். பிள்ளை இருக்கிறதா என்றார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் இல்லை. இன்னொரு வீட்டில், அடுத்த மாதம் காலியாகும், அப்போது வாருங்கள் என்றார்கள். முதல் சனிக்கிழமை ஊருக்குப் போய்விடலாம் என்று வியாழக்கிழமையே பெட்டியை எடுத்து வைத்தேன். தலைமையாசிரியை, ஆண்டுத் தேர்வு வருகிறது, இந்த வாரம் மட்டும் சனி ஞாயிறு இருந்து உதவுங்கள் என்றார். சேர்ந்து நாலு நாள் ஆனவள் எப்படி மறுப்பது? "இந்த வாரம் வர இயலவில்லை. அடுத்த சனிக்கிழமை கட்டாயம் வருகிறேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு கார்டு எழுதித் தபாலில் போட்டேன்.

அதற்குப் பதில் போலத்தான் அந்தப் பூ வந்தது.

சனிக்கிழமை பிற்பகல். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்று எனக்கு உடம்பு அனலாக இருந்தது. இடது மார் கல்லாகக் கட்டியிருந்தது. கீழேயிருந்து ஒரு பஸ் கண்டக்டர், "ஆண்டிபட்டி டீச்சரு யாருங்க?" என்று கத்தினார். எங்கள் பக்கத்தில் அவசரத்துக்குச் சாமான் அனுப்ப அதுதான் வழி. கண்டக்டரிடம் கொடுத்தால் போதும், வந்து சேரும்.

வாழை இலையில் சுற்றி, ஈரத் துணியில் கட்டிய ஒரு பொட்டலம். "ஒரு வயசான அம்மா குடுத்தாக. தண்ணி தெளிச்சுக்கிட்டே போங்கன்னு தேனி வரைக்கும் கேக்குற மாதிரிச் சத்தம் போட்டாக" என்றார்.

"வேற ஏதும் சொன்னாகளா?"

"உங்க கைல குடுத்துரணும்னாக. அதுக்குள்ள பஸ் கெளம்பிருச்சு."

"பிள்ளை இருந்துச்சா?"

"இடுப்புல ஒண்ணு இருந்துச்சு. பூவப் பிச்சுப் பிச்சு எறிஞ்சுச்சு." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அறைக்குள் வந்து பிரித்தேன். மல்லிகை. கோடையில் எங்கள் பக்கம் மல்லிகை கொட்டிக் கிடக்கும்தான். ஆனாலும் அவ்வளவு பூ! நெருக்கமாகக் கட்டிப் பந்தாகச் சுற்றியிருந்தது. அளந்து பார்த்தேன். பத்து முழம். கடிதம் இல்லை. அத்தைக்கு எழுதத் தெரியாது. என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருப்பார்.

தலைக்கு வைக்க ஒரு முழம் போதும், மிஞ்சினால் இரண்டு. மல்லிகையை மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கக் கட்டுவார்கள். பிள்ளை போய்விட்டாலும் கட்டுவார்கள். என் தம்பி ஒருவன் பிறந்து பதினோரு நாளில் இறந்தபோது என் அம்மாவுக்குக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது ஏழு வயது. அம்மா ஏன் பூவை உள்ளே வைத்துக்கொள்கிறாள் என்று கேட்டு அடி வாங்கினேன்.

வர முடியாது என்று நான் கார்டு எழுதினேன், அத்தை பூவை அனுப்பிவிட்டார். அன்று கீரை உருவும்போது சொல்லாத வார்த்தையை இப்போது சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அத்தை வாயால் சொல்லிச் சங்கடப்படுத்துகிறவர் அல்ல.

கூட்டும் அம்மாளும் எட்டிப் பார்த்தார். "ஆத்தாடி, இம்புட்டுப் பூவும் தலைக்கா? பெரியவுக வெவரமாத்தான் குடுத்து விட்டிருக்காக."

"கடுதாசி எழுதிக் கேட்டுக்கிரட்டுமா?"

"கடுதாசி போயித் திரும்புறதுக்குள்ள பூவும் வாடிரும், நீங்களும் காச்சல்ல விழுந்துருவீக. கண்ணு செவந்து கெடக்கு பாருங்க."

ஆனாலும் ஓர் இன்லண்டு எடுத்து உட்கார்ந்தேன். 'அத்தைக்கு நமஸ்காரம்' என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. அதை என் வீட்டுக்காரர்தான் படித்துக் காட்ட வேண்டும். கட்டிலில் படுத்திருக்கும் மாமனார் காதிலும் விழும். பாலை நிறுத்தவா என்று எப்படி எழுதுவது? கேட்டால், சொன்னதைச் செய்யாமல் எதிர்க்கேள்வி கேட்கிறாள் என்று ஆகாதா? படித்த திமிர் என்று நாத்தனார் சொல்லமாட்டாளா? கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். இந்த மூன்று வருடத்தில் யாரிடமும் சொல்லாதது. எனக்கு வலித்தது. தகரத்துக்குக் கீழே காய்ச்சலோடு, மார் கல்லாக, டம்ளரும் கையுமாக ஒளிந்து ஒளிந்து நடந்து எனக்குப் போதும் போதும் என்றிருந்தது. பூவைப் பார்த்ததும் முதலில் அழுகை வந்ததா, விட்டது என்ற எண்ணம் வந்ததா? அழுகைதான் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கூட்டும் அம்மாள்தான் கட்டிவிட்டார். இரண்டு பக்கமும் பூவைச் சுற்றி வைத்து, என் பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். பூ குளிர்ச்சியாக இருந்தது. அந்த அறைக்கு வந்ததிலிருந்து என் உடம்பில் பட்ட முதல் குளிர்ச்சி அது. அன்று நன்றாகத் தூங்கினேன். அதுவும் எனக்கு மறக்கவில்லை.

மூன்று நாள் கட்டியிருந்தேன். பூ கறுத்து நாறியதும் இரண்டாவது அடுக்கை வைத்தேன். திங்கட்கிழமை டம்ளரில் பாதி வந்தது. செவ்வாய்க்கிழமை அடிப்பக்கம் நனைந்தது. வியாழக்கிழமை கருவேப்பிலைச் செடிக்குக் கொண்டுபோக ஒன்றும் இல்லை. வாடிய நாரையும் பூவையும் மட்டும் அதன் தூரில் போட்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மத்தியான பஸ். ஜன்னல் பக்கம் அனல் காற்று. உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர்கள் நகர்ந்தன. வீரபாண்டியில் பஸ் நின்றபோது கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியவில்லை. பிள்ளை பாலை மறந்திருக்க வேண்டும் என்றா, மறந்திருக்கக் கூடாது என்றா?

அத்தை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு முனையிலேயே நின்றுகொண்டிருந்தார். பிள்ளையின் கழுத்து எலும்பு எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது.

"இந்தா வந்துட்டா பாரு உங்காத்தா!" என்று அவளைத் தூக்கிக் காட்டினார். என்னைப் பார்த்ததும் அவள் உடம்பையே என் பக்கம் எறிந்தாள். மறக்கவில்லை. முகத்தை என் மாரில் தேய்த்தாள்.

"பொறுடி, பறக்காதே. உங்காத்தா மொகம் கழுவட்டும். ஏத்தா, வெயில்ல வந்திருக்க. மொத சூட்டுப் பாலக் கொஞ்சம் பீச்சி விட்டுட்டுக் குடு. பன்னெண்டு நாளாக் கேப்பக் கூழத்தான் சங்குல ஊத்தி ஓட்டிட்டேன். புட்டி வாங்கியாரேம்மான்னு உம் புருசன் நின்னான். வேணாண்டான்னுட்டேன். புட்டியப் பழக்கிட்டா பிள்ள மார மறந்துருமே. அதான் எளைச்சுப் போச்சு, நீ ஒண்ணும் நெனைக்காத. ரெண்டு நாளு வயிறு முட்டக் குடிச்சா தேறிரும்."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். "அத்தை, பூவு..." என்றேன்.

"வந்துச்சா? வாடாம வந்துச்சா? கூட இருக்க டீச்சருகளுக்கெல்லாம் குடுத்தியா? புது எடத்துல வெறுங்கையோட நிக்கக் கூடாதேன்னுதான் பத்து முழமாக் கட்டினேன். ராத்திரியெல்லாம் இவ கட்ட விடலை."

உள்ளே போய் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டேன். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். உறிஞ்சினாள். நிறுத்தினாள். மறுபடி உறிஞ்சினாள். கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் மாற்றிப் போட்டேன். அந்தப் பக்கமும் அப்படியே. அவள் உடனே அழவில்லை. வாயை எடுத்துவிட்டு, மாரைக் கையால் ஒரு தட்டுத் தட்டினாள், பூட்டிய கதவைத் தட்டுகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அத்தை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். பூவைக் கட்டிக்கொண்டேன் என்று சொன்னேன். நீங்கள் அதற்குத்தான் அனுப்பினீர்கள் என்று நினைத்தேன் என்றும் சொன்னேன்.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "படிச்ச பிள்ள, ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். பிறகு, "நானும் ஒரு வார்த்த சொல்லி விட்டிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பூண்டு உரிக்க ஆரம்பித்தார்.

அன்று மாலையும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் என்னை உட்கார வைத்து ஊட்டினார். பாலில் வெந்த பூண்டு. முருங்கைக் கீரை. பருத்தி விதையை ஆட்டிப் பிழிந்த பால். மார் மேல் வெந்நீர் ஒத்தடம். மணிக்கு ஒரு முறை பிள்ளையைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஞாயிறு மத்தியானம் நாலு சொட்டு வந்தது. இன்னும் ஒரு வாரம் வீட்டிலிருந்து அவளைப் போட்டுக்கொண்டே இருந்தால் திரும்பிவிடலாம் என்று அத்தை சொன்னார். திங்கட்கிழமை காலை தேர்வு தொடங்குகிறது. சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. லீவு எழுதலாமா என்று என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. இங்கேயும் ஒரு தடவைதான்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து, பிள்ளை ஏன் இப்படிக் கத்துகிறது என்றாள். அத்தை, "பால் வத்திப்போச்சு. வெயிலு இருக்க இருப்புக்கு மாட்டுக்கே வத்துது" என்றார். நாத்தனாருக்கும் அதையேதான் சொன்னார். இன்றுவரை அந்தப் பூவைப் பற்றி எங்கள் ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

பொழுது சாயும் நேரம் அத்தை தன் மகனைக் கூப்பிட்டு, "போயி ஒரு புட்டி வாங்கிட்டு வாடா" என்றார்.

புட்டியை நான்தான் வெந்நீரில் போட்டு எடுத்தேன். நான்தான் பசும்பாலில் தண்ணீர் கலந்து ஆற்றினேன். முதலில் துப்பினாள். பிறகு பசி அவளை ஜெயித்தது. என் மடியில் படுத்துக்கொண்டு ரப்பர் காம்பைச் சப்பினாள். சப்பும்போது அவள் இடது கை என் ரவிக்கைக்குள் போய் அங்கேயே கிடந்தது. பாதி குடித்ததும் கக்கினாள். துடைத்துவிட்டு மறுபடி கொடுத்தேன். அப்படித்தான் அந்த வருடம் முழுவதும் குடித்தாள், கக்கினாள், குடித்தாள்.

வைகாசி பிறக்கும் முன்னால் வீடு கிடைத்து அவளைக் கூட்டி வந்துவிட்டேன். இப்போது நாலாவது வயது நடக்கிறது. வாயாடி. ஆனால் மார்ச்சளி மட்டும் அவளை விடுவதில்லை. ஒவ்வொரு முறை இருமும்போதும் முழம் முழமாக எனக்குள் ஏதோ அளந்துகொண்டு போகிறது. ஆறு மாதம் கூடுதலாகக் குடித்திருந்தால் இந்தச் சளி வந்திருக்காதோ? வந்திருக்குமோ? டாக்டரிடம் கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் சொல்ல முடியாதும்மா என்றார். நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சம்பந்தம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை விடிகாலை நான் கம்பத்துக்குத் திரும்பக் கிளம்பினேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். புட்டி பக்கத்தில் கிடந்தது. அத்தை வாசலுக்கு வந்தார். கையில் ஒரு சின்னத் துண்டு மல்லிகை, அரை முழம்கூட இருக்காது. நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. என் தோளைப் பிடித்துத் திருப்பி, அவரே என் பின்னலில் செருகி, விழுந்துவிடாமல் ஊசி குத்தினார்.

இப்போதும் ஊருக்குப் போனால் அப்படித்தான். எனக்கு அவர் பூவைக் கையில் கொடுப்பதே இல்லை. திரும்பி நிற்கச் சொல்கிறார். நானும் திரும்பி நிற்கிறேன். முகத்தைப் பார்க்காமல் இருக்க எங்கள் இருவருக்கும் அது வசதியாக இருக்கிறது.